அமெரிக்காவில் அம்மாவின் மருந்துக் காப்பீட்டுச் செலவு வருடா வருடம் ஏன் மாறுகிறது?

மெடிகேர் பார்ட் டி (முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துப் பகுதி) இருந்தும் ஜனவரி வந்தால் மருந்துக் கடையில் புதுத் தொகை சொல்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் பட்டதையே சொல்கிறேன்.

பார்ட் டி திட்டங்களை நடத்துவது தனியார் காப்பீட்டு நிறுவனங்கள். பிரீமியம், டிடக்டிபிள் (காப்பீடு பங்கு கொடுக்கத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை), எந்த மருந்து பட்டியலில் இருக்கும், அது எந்த விலை அடுக்கில் வரும் (மேல் அடுக்கு என்றால் பொதுவாக நம் பங்கு அதிகம்), எந்தக் கடையில் விலை குறைவு, இது எல்லாமே ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் மாறலாம். என்ன மாறுகிறது என்று செப்டம்பர் கடைசிக்குள் கடிதம் வரும். அதை விளம்பரம் என்று நினைத்து ஒரு வருடம் நாங்கள் பிரிக்கவே இல்லை. பிரீமியம் ஏறவில்லை, அதனால் கவலையும் படவில்லை. ஜனவரியில் போனால், ரத்தம் உறையாமல் இருக்க அம்மா எடுக்கும் மாத்திரையை மேல் அடுக்குக்கு மாற்றியிருந்தார்கள். "இவ்வளவு வேண்டாம்டா, பாதி பாதியா போட்டுக்கறேன்" என்றார் அம்மா. அந்த மாத்திரையைப் பாதியாக்கினால் பக்கவாதம் வரை போகலாம். தயவுசெய்து யாரையும் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

இப்போது கொஞ்சம் நிலைமை தேவலை. 2025 முதல் மருந்துக்கு நம் கையிலிருந்து கட்டும் தொகைக்கு வருட உச்சவரம்பு உண்டு: அந்த வருடம் 2,000 டாலர், 2026-இல் 2,100. அதைத் தாண்டினால் மருந்துக்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம். ஆனால் பிரீமியம் இந்தக் கணக்கில் சேராது, பட்டியலில் இல்லாத மருந்தும் சேராது, இதைப் பலர் கவனிப்பதில்லை. டிடக்டிபிள் உச்சமும் 2025-இல் 590 டாலராக இருந்து 2026-இல் 615 ஆக ஏறியது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு வகை இன்சுலினும் மாதம் 35 டாலருக்கு மேல் போகாது. எலிக்விஸ், ஜார்டியன்ஸ், ஜனுவியா உட்பட 10 மருந்துகளுக்கு அரசு பேரம் பேசிய விலை 2026 ஜனவரியில் அமலுக்கு வந்தது.

திட்டத்தை மாற்ற அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை நேரம். மெடிகேர் இணையதளத்தில் எல்லா மருந்தையும் அளவோடு போட்டு, வழக்கமாக வாங்கும் கடையையும் சேர்த்து, வருட மொத்தச் செலவை மட்டும் பாருங்கள். பிரீமியமே இல்லாத திட்டம் சில சமயம் மொத்தத்தில் அதிகம் பிடுங்கும். அப்புறம், முதல் மாதமே பெரிய தொகை கட்ட முடியாது என்றால் மாதத் தவணையாகப் பிரித்துக் கட்டும் வசதி 2025-லிருந்து இருக்கிறது, திட்டத்தைக் கூப்பிட்டுக் கேட்டால் சேர்த்துவிடுவார்கள்.

தனியாகப் பார்க்கத் தயக்கமாக இருந்தால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் (SHIP) என்ற இலவச மெடிகேர் ஆலோசனை உண்டு. நாங்கள் அம்மாவின் மாத்திரை டப்பாக்களை அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனோம். அங்கிருந்த ஆலோசகர் அம்மையார் ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக் கணினியில் ஏற்றி, ஒரு மணி நேரத்தில் வேறு திட்டம் காட்டினார்.