லேப்டாப் பயாஸ் அமைப்புகள்: கேள்வி பதில்

லேப்டாப் மதர்போர்டு பழுது பார்ப்பது என் தொழில். பயாஸ், அதாவது கணினியை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை மென்பொருள், அதன் அமைப்புகள் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். புது லேப்டாப்களில் பயாஸின் இடத்தில் இருக்கும் யூஇஎஃப்ஐ பற்றிய கேள்விகளும் இதில் அடங்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒரு வேண்டுகோள். எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் எல்லாப் பக்கங்களையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம், உங்கள் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 48 இலக்கம். "நான் பிட்லாக்கர் போடவே இல்லையே" என்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடும். மீட்பு எண் அந்தக் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள்.

மின்மினி: அண்ணா, எஃப்2 அழுத்திக்கொண்டே இருக்கிறேன், ஆனால் பயாஸ் வருவதற்குள் விண்டோஸ் வந்துவிடுகிறது. டெல் லேப்டாப்.

பதில்: எஃப்2 சரியான சாவிதான். பயாஸில் ஃபாஸ்ட் பூட் இயங்கினால் சாவியைக் கவனிக்கும் நேரம் மிகவும் குறைந்துவிடும். லோகோ வந்தபின் அழுத்தினால் தாமதம். பவர் பட்டனை அழுத்திய உடனேயே தட்டத் தொடங்குங்கள். அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுத் தட்டுங்கள். எஃப் வரிசை ஒலி, வெளிச்சம் போன்ற வேலைகளுக்கு மாற்றப்பட்டிருந்தால் எஃப்என் சாவியோடு சேர்த்தும் முயலுங்கள்.

விண்டோஸ் நன்றாக ஏறுகிறது என்றால் இந்தப் போராட்டமே வேண்டாம். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று போனால் கணினி நேராகப் பயாஸுக்குள் திறக்கும். எந்த நிறுவன லேப்டாப்பானாலும் இதே வழி.

மற்றவர்களுக்காக: டெல், ஏசர், ஆசுஸ், லெனோவோ ஐடியாபேட் என்றால் பெரும்பாலும் எஃப்2. திங்க்பேட் எஃப்1. ஹெச்பி எஃப்10. எம்எஸ்ஐ டெலிட்.

ஏழிசை: புதிதாக விண்டோஸ் போட முயல்கிறேன். எந்த டிஸ்க்கும் காட்டவில்லை. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது. இன்டெல் 11ஆம் தலைமுறை, ஏசர். எஸ்எஸ்டி போய்விட்டதா சார்?

பதில்: எஸ்எஸ்டிக்கு ஒன்றுமில்லை. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு காரணத்துக்காக நல்ல எஸ்எஸ்டியைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு.

இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் விஎம்டி என்ற அமைப்பு இயங்கிய நிலையில்தான் வருகிறது. அது இயங்கும்போது எஸ்எஸ்டி, ப்ராசஸருக்குள் இருக்கும் ஒரு கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் பின்னால் போய்விடும். விண்டோஸ் நிறுவியில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் எஸ்எஸ்டி அதன் கண்ணில் படாது. பயாஸுக்குத் தெரிகிறது, நிறுவிக்குத் தெரியவில்லை என்ற குழப்பம் இதனால்தான்.

வழி இரண்டு. ஒன்று, விஎம்டியை அணைப்பது. ஏசரில் அந்த வரி மறைந்திருக்கும். பயாஸில் மெயின் பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால் வெளியே வரும். மற்றொன்று, லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்து, பென்டிரைவில் போட்டு, டிஸ்க் பட்டியல் காலியாக வரும் இடத்தில் லோட் டிரைவர் கொடுப்பது. பிரிக்காமல் அப்படியே போட்டால் நிறுவி அதை எடுத்துக்கொள்ளாது.

நான் இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன். ஒற்றை எஸ்எஸ்டி லேப்டாப்பில் விஎம்டியால் பெரிய பயன் இல்லை, உண்மைதான். ஆனால் அதை அணைத்து விண்டோஸ் போட்டபின் என்றைக்காவது பயாஸ் ஆரம்ப நிலைக்குத் திரும்பினால் விஎம்டி மறுபடி இயங்கத் தொடங்கும், விண்டோஸ் ஏறாது. அன்றைக்குக் காரணம் உங்களுக்கு நினைவில் இருக்காது. லினக்ஸ் போடுபவர்கள் அணைத்துவிடுவது எளிது.

நிழல்குடை: மேலே படித்துவிட்டு நானும் விஎம்டியை அணைத்தேன். இப்போது என் விண்டோஸ் ஏறவில்லை, நீலத் திரை வருகிறது!

பதில்: பதற வேண்டாம், எதுவும் அழியவில்லை. உடனே பயாஸுக்குப் போய் விஎம்டியை மறுபடி இயக்குங்கள், பழையபடி ஏறிவிடும். நான் சொன்னது புதிதாக விண்டோஸ் போடுபவருக்கு. ஏற்கெனவே ஓடும் விண்டோஸில் இதை மாற்றினால், ஏறும்போது தேவைப்படும் டிரைவர் தயாராக இருக்காது.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முறை இது: முதலில் விண்டோஸில் சிஸ்டம் கான்ஃபிகரேஷன் திறந்து சேஃப் பூட் தேர்வு செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்து நேராகப் பயாஸுக்குள் போய் விஎம்டியை அணையுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறியதும் தேவையான டிரைவர் இயங்கத் தொடங்கும். சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். இதற்கும் முன்னால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்க வேண்டும்.

புதுவரவு: பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். பயாஸ் கடவுச்சொல் கேட்கிறது. உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினால் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகாது. பழைய மேசைக் கணினிகளில் அது நடக்கும். லேப்டாப்களில் பொதுவாகக் கடவுச்சொல் மின்சாரம் இல்லாமலே நினைவில் நிற்கும் சிப்பில் இருக்கிறது. வாங்கிய ரசீதோடு தயாரிப்பு நிறுவனத்திடம் போங்கள். உடைக்கும் வழியை நான் இங்கே எழுத மாட்டேன்.

இதோடு சேர்த்து ஒன்று. ஹார்ட் டிஸ்க் கடவுச்சொல் என்று பயாஸில் தனியாக ஒரு வரி இருக்கும். அது டிஸ்குக்குள்ளேயே பதிவாகிறது. மறந்தால் அந்த டிஸ்கை வேறு கணினியில் மாட்டினாலும் திறக்காது. தேவை இல்லாதவர்கள் அந்த வரியைத் தொட வேண்டாம்.

கடலோரன்: விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் இன்னொரு கணினி) ஓட்ட என்ன மாற்ற வேண்டும்?

பதில்: இன்டெலில் விடி எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம் என்ற வரியை இயக்க வேண்டும். அதற்கு முன் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், சிபியு பக்கம் பாருங்கள். விர்ச்சுவலைசேஷன் எனேபிள்டு என்று இருந்தால் பயாஸ் பக்கமே போக வேண்டாம்.

அந்திவானம்: ஹெச்பியில் பயாஸுக்குள் எப்படிப் போவது?

பதில்: எஃப்10. முதல் பதிலில் இருக்கிறது.

இரும்புக்கை: பயாஸ் அப்டேட் வந்திருக்கிறது என்று லேப்டாப் நச்சரிக்கிறது. நான் போடுவதே இல்லை. நன்றாக ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது என்பது என் கொள்கை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: போடுங்கள் என்கிறேன். 20 ஆண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் உங்கள் கொள்கையைத்தான் சொல்லியிருப்பேன். அன்று பயாஸ் சிறியது, வெளியிலிருந்து அதைத் தாக்குபவர் குறைவு. இன்று அது நெட்வொர்க், படம், கோப்பு எல்லாம் கையாளும் பெரிய மென்பொருள். 2023 டிசம்பரில் வெளிவந்த லோகோஃபெயில் என்ற ஓட்டை, திரையில் வரும் நிறுவன லோகோவைப் படிக்கும் பகுதியிலேயே இருந்தது. அது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் இடம். விண்டோஸில் எந்த ஆன்டிவைரஸ் போட்டாலும் அங்கே எட்டாது.

இரும்புக்கை: ப்ராசஸர் ஓட்டைகளுக்கான மைக்ரோகோடை (ப்ராசஸரின் உள் குறிமுறைத் திருத்தம்) விண்டோஸே ஏற்றிவிடுகிறதே? பிறகு எதற்கு இந்த ஆபத்து? பாதியில் மின்சாரம் போனால் லேப்டாப் செத்துவிடும்.

பதில்: மைக்ரோகோடு பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அது ப்ராசஸருக்கு மட்டும். நான் சொன்ன ஓட்டை பயாஸின் சொந்தக் குறிமுறையில். அதைப் பயாஸ் அப்டேட்தான் அடைக்கும். மின்சாரம் போகும் பயம் பேட்டரி இல்லாத மேசைக் கணினிக்குப் பொருந்தும். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, போதுமான சார்ஜ் இல்லையென்றால் பெரும்பாலான அப்டேட்டுகள் தொடங்கவே மறுக்கும்.

வெப்பக்காற்று: இரும்புக்கை சொல்வதுதான் சரி. நான் கேம் ஆடுபவன். சூட்டைக் குறைக்க மின்னழுத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஒரு பயாஸ் அப்டேட்டுக்குப் பின் அந்த வசதியே பூட்டப்பட்டுவிட்டது. பழைய பதிப்புக்கும் திரும்ப விடவில்லை. இது யாருக்காக?

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற தாக்குதல் வெளியானது. மென்பொருள் மூலம் மின்னழுத்தத்தைக் குறைத்து, இன்டெல் ப்ராசஸரின் பாதுகாக்கப்பட்ட பகுதியான எஸ்ஜிஎக்ஸில் கணக்குப் பிழைகளை உண்டாக்க முடியும் என்று காட்டினார்கள். அதற்குத் தீர்வாகத்தான் அந்தக் கதவை அடைத்தார்கள். எஸ்ஜிஎக்ஸைப் பயன்படுத்தாதவருக்கும் சேர்த்து அடைத்ததில் எனக்கும் உடன்பாடில்லை. உரிமையாளர் விரும்பினால் திறந்துகொள்ள ஒரு வரி கொடுத்திருக்கலாம். சில மாடல்களில் கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இரும்புக்கை: பார்த்தீர்களா! ஒரு நல்லதுக்கு ஒரு கெட்டது. இதற்குத்தான் தொடக் கூடாது என்கிறேன்.

பதில்: இல்லை ஐயா. அதிலிருந்து வரும் பாடம், அப்டேட் குறிப்பைப் படித்துவிட்டுப் போடுங்கள் என்பதுதான். தொடாமலே விட்டாலும் ஆபத்து வரும் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2017 டிசம்பரில் உபுண்டு 17.10 என்ற லினக்ஸ் பதிப்பை இறக்கும் பக்கத்தையே சில காலம் மூடினார்கள். அதில் இருந்த ஒரு டிரைவர், சில லெனோவோ மாடல்களிலும் வேறு சில லேப்டாப்களிலும் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்க முடியாதபடி ஆக்கிவிட்டது. அவர்களில் யாரும் பயாஸ் அப்டேட் போட்டு மாட்டவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம்பகமான மென்பொருளை மட்டுமே ஏற விடும் செக்யூர் பூட் என்ற பயாஸ் வசதி நம்பும் மைக்ரோசாஃப்டின் 2011 சான்றிதழ்களின் காலம் 2026 ஜூனிலிருந்து முடியத் தொடங்குகிறது. அன்றைக்கே கணினி நின்றுவிடாது. ஆனால் புதிய 2023 சான்றிதழ்கள் ஏறாத லேப்டாப்புக்கு, பூட் பகுதிக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமல் போகும். பலருக்கு விண்டோஸ் அப்டேட்டே அதை முடித்துவிடும். சில மாடல்களுக்கு முதலில் பயாஸ் அப்டேட் வேண்டும்.

எப்படிப் போடுவது என்றும் சொல்லிவிடுகிறேன். மாடல் எண் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும், தயாரிப்பாளர் தளம் தவிர வேறெங்கும் இறக்கக் கூடாது. பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். சார்ஜரை மாட்டுங்கள். திரை கறுத்து, மின்விசிறி சத்தமாகச் சுற்றி, பலமுறை ரீஸ்டார்ட் ஆகலாம். அந்த நேரத்தில் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். என்னிடம் செத்து வரும் லேப்டாப்களில் அப்டேட் தானாகத் தோற்றதைவிட, பொறுமை இழந்து அணைத்தவைதான் அதிகம். முடிந்ததும் எடுத்து வைத்த படங்களோடு ஒப்பிடுங்கள். சில அமைப்புகள் மாறியிருக்கக்கூடும்.

தோற்றே போனாலும் வழி உண்டு. ஹெச்பியில் விண்டோஸ் சாவியும் பியும், டெலில் கன்ட்ரோலும் எஸ்கேப்பும் அழுத்திப் பிடித்தபடி இயக்கினால் பல மாடல்கள் மீட்பு முறைக்குப் போகும்.

இரும்புக்கை: மாடல் எண் பார்த்துக் குறிப்பைப் படிக்கிறேன். போடுவதாக இன்னும் சொல்லவில்லை.

பதில்: படித்தாலே போதும், முடிவு உங்களுடையது.

பனித்துளி: செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது 48 இலக்க எண் கேட்கிறது. என்ன எண் அது?

பதில்: பிட்லாக்கர் மீட்பு எண். ஆரம்பத்தில் வைத்த வேண்டுகோளைப் படியுங்கள், தயவுசெய்து. இப்போதைக்குச் செக்யூர் பூட்டை மறுபடி இயக்கிப் பாருங்கள், பெரும்பாலும் கேட்பது நின்றுவிடும். உள்ளே போனதும் முதல் வேலையாக அந்த எண்ணை எடுத்து எழுதுங்கள். அது கிடைக்காமலே டிஸ்க் பூட்டிக்கொண்டால் என்னாலும் திறக்க முடியாது, வேறு யாராலும் முடியாது.

காலைக்கதிர்: எப்போதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறேன். பயாஸில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்த ஒரு வரி இருக்கிறது, போடலாமா?

பதில்: கட்டாயம் போடுங்கள். லித்தியம் அயான் பேட்டரியை முழு சார்ஜில், அதுவும் சூட்டில் வைத்திருந்தால் சீக்கிரம் மூப்படையும். பேட்டரி உப்பி டச்பேடைத் தூக்கியபடி வரும் லேப்டாப்களைப் பார்க்கும்போதெல்லாம் இந்த ஒரு வரியை யாராவது இவர்களுக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருக்கும். பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் 100க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தாழம்பூ: ஒவ்வொரு முறையும் தேதி மாறிவிடுகிறது, இணையதளங்கள் சான்றிதழ் பிழை காட்டுகின்றன.

பதில்: பயாஸ் கடிகாரத்தை ஓட்டும் சின்ன சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். பொதுவாக 3 வோல்ட் சிஆர்2032, லேப்டாப்பில் ஒயரும் கனெக்டரும் சேர்ந்து வரும். மாற்றும் முன் முதன்மைப் பேட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். லினக்ஸும் விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவருக்கு மணி மட்டும் மாறினால் அது பேட்டரி அல்ல. லினக்ஸ் பயாஸ் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் வாசிக்கின்றன.

மலைச்சாரல்: டெலில் பயாஸுக்குள் எப்படிப் போவது?

பதில்: எஃப்2. சாவி பற்றிய கேள்விகளுக்கு இனி பதில் எழுத மாட்டேன், மேலே எல்லாம் இருக்கிறது.

பழையஓலை: விண்டோஸ் 11 போட லெகசி என்ற பழைய பயாஸ் முறையிலிருந்து யூஇஎஃப்ஐக்கு மாற வேண்டுமாம். டிஸ்கை அழிக்காமல் முடியுமா?

பதில்: முடியும். முதலில் உங்கள் ப்ராசஸர் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி உண்டா என்று பாருங்கள். இன்டெலில் அது பிடிடி என்றும் ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பயாஸில் இருக்கும். இல்லையென்றால் இந்த வேலையே வீண்.

இருந்தால், முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்கில் நகல் எடுங்கள். டிஸ்கை யூஇஎஃப்ஐக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்ற விண்டோஸ் 10 இலேயே எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவி இருக்கிறது. முதலில் சோதிக்க மட்டும் சொல்லி ஓட்டுங்கள். டிஸ்கில் பிரதானப் பகுதிகள் மூன்றுக்கு மேல் இருந்தால் சோதனையிலேயே மறுத்துவிடும். அப்போது ஒரு பகுதியைக் காலி செய்ய வேண்டும். சோதனை தேறிய பிறகே மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதும் விண்டோஸுக்குள் போகாமல் நேராகப் பயாஸுக்குப் போய் லெகசியை யூஇஎஃப்ஐ ஆக்குங்கள். செக்யூர் பூட்டை அதே நேரத்தில் தொடாதீர்கள். ஒருமுறை விண்டோஸ் ஒழுங்காக ஏறியதைப் பார்த்துவிட்டு, அடுத்த ரீஸ்டார்ட்டில் செக்யூர் பூட்டை இயக்குங்கள்.