பனியே பார்க்காத மலேசியத் தமிழர்கள் குளிர்காலத்தில் இமயமலையில் கூடாரம் போட்டுத் தங்க முடியுமா? என்னென்ன சாமான் வேண்டும்?

தாராளமாக முடியும். நான் சுங்கை சிப்புட்டில் பிறந்து வளர்ந்தவள். செம்பனைத் தோட்டத்து அலுவலகத்தில் கிராணி வேலை. மழை பெய்து விடியற்காலையில் கொஞ்சம் சில்லென்று ஆனாலே போர்வையை இழுத்துக்கொள்கிற ஊர் எங்களுடையது. அங்கிருந்து கிளம்பி உத்தராகண்டின் கேதார்கந்தா மலைக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறேன், 2018 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும். இரண்டு தடவையும் பனிமேல் போட்ட கூடாரத்தில்தான் படுத்தோம். இரண்டாவது தடவை, ஒரு ராத்திரி கூடாரத்துக்கு வெளியே தொங்கவிட்ட வெப்பமானி மைனஸ் 9 டிகிரி காட்டியது.

கேள்வி கேட்டவர் 'நம்ம உடம்பு குளிரைத் தாங்குமா' என்றும் கேட்டிருந்தார். தாங்கும். ஆனால் குளிரைவிட ஈரத்துக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும். எனக்குத் தெரிந்ததில் முக்கியமானது இதுதான்.

இதை எனக்கு முதலில் சொன்னது அம்மா. இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்பு) போய்ப் பேர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தன் மர நிரைக்குப் போவார். பனித்துளியும் வேர்வையும் சேர்ந்து சட்டை முழுக்க நனைந்துதான் திரும்புவார். வந்ததும் முதல் வேலை துணி மாற்றுவது. பசியாறுவதெல்லாம் அப்புறம்தான். "ஈரத்துணிய ஒடம்புல காய விடாத பாப்பா, எலும்புல போய் ஒக்காந்துக்கும்" என்பார். சின்ன வயதிலிருந்து கேட்ட வார்த்தை. ஆனாலும் முதல் பயணத்தின் முதல் நாளே மறந்துவிட்டேன்.

நடை தொடங்குகிற ஊர் சாங்க்ரி. டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் போக வேண்டும். ஏறத்தாழ 1,950 மீட்டர் உயரம். குளிர்கிறதே என்று பருத்தி டீசட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேல் டவுன் ஜாக்கெட் (பறவையின் மென்னிறகு அடைத்தது) என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டியது. நடக்கும்வரை ஒன்றும் தெரியவில்லை. தேநீர் குடிக்க உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பல் கிட்டிக்கொண்டது, விரல்கள் மடங்கவில்லை. நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், காயவே காயாது. எங்களோடு வந்த வழிகாட்டி அந்த ஊர்ப் பையன். ஒரு கூடாரத்துக்குள் அனுப்பி உடனே உலர்ந்த துணி மாற்ற வைத்தார். பிறகு சொன்னார்: "தீதி (அக்கா), நடக்க ஆரம்பிக்கும்போது கொஞ்சம் குளிரணும். குளிரலைன்னா அதிகமா போட்டிருக்கீங்கன்னு அர்த்தம்." அதற்கப்புறம் இரண்டு பயணத்திலும் அதைத்தான் கடைப்பிடித்தேன். ஏறும்போது ஒரு சட்டையைக் கழற்றிப் பைக்குள் வைக்க வேண்டும். நின்ற அடுத்த நிமிடம், குளிர் தெரிவதற்கு முன்னாலேயே, ஜாக்கெட்டைப் போட்டுவிட வேண்டும்.

ஆகவே உடுப்பில் பருத்தியே கூடாது, உள்ளாடையும் காலுறையும்கூட. தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியெஸ்டர் சட்டை, அதற்கு மேல் ஃபிலீஸ் எனப்படும் மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை, கூடாரத்தில் உட்காரும்போது போட டவுன் ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேலே காற்றையும் பனியையும் தடுக்கிற மெல்லிய மழைச்சட்டை. தூங்குவதற்கென்று ஒரு செட் துணியைத் தனியாக பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். என்ன நடந்தாலும் பகலில் அதைத் தொடாதீர்கள். நம் நாட்டில் ஒரு பெரிய வசதி பண்டல் கடைகள். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வருகிற பழைய துணி மூட்டைகளில் குளிர்கால உடுப்பு நிறைய இருக்கும், இங்கே அதை எடுக்க ஆளில்லை. ஈப்போவில் ஒரு பண்டல் கடையில் நல்ல ஃபிலீஸ் சட்டையை 15 வெள்ளிக்கு எடுத்தேன். இன்றைக்கும் அதுதான் என்னிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் துணிச்சீட்டைப் பார்த்து, பருத்தி என்று எழுதியிருந்தால் விட்டுவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் (உள்ளே நுழைந்து படுக்கும் பை) வாங்கும்போது பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள். முறையாகச் சோதித்த பைகளில் ஐஎஸ்ஓ 23537 என்ற தரத்தின்படி மூன்று எண் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட் என்பது ஒரு சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். லிமிட் என்பது ஓர் ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவாறு சமாளிக்கிற குளிர். எக்ஸ்ட்ரீம், உயிர் மட்டும் மிஞ்சும் என்ற அளவு. அதில் தூக்கத்துக்கு இடமில்லை. என் முதல் பையில் மைனஸ் 5 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அது லிமிட். கம்ஃபர்ட் பூஜ்யத்துக்குக் கீழே வரவே இல்லை. இரண்டு ராத்திரி கண்ணை மூடாமல் கிடந்தேன். பெண்கள் கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பாருங்கள். வெப்பநாட்டில் வளர்ந்த ஆண்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

பையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது அடியில் விரிக்கும் பாய். பையின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடுவதால் தரையின் குளிர் நேரே முதுகில் ஏறும். பாய் எவ்வளவு குளிரைத் தடுக்கும் என்பதைக் காட்ட ஆர் மதிப்பு என்று ஓர் எண் உண்டு. பனிமேல் படுக்க 5 அளவுக்கு வேண்டும். சாதாரண நுரைப்பாய் 2 பக்கத்தில்தான் இருக்கும். நல்ல விஷயம், ஒன்றின்மேல் ஒன்று போட்டால் மதிப்புகள் கூடும். இரண்டாவது தடவை நுரைப்பாயின்மேல் காற்றடிக்கும் பாயை விரித்துப் படுத்தேன். அதே குளிரில் விடியும்வரை தூங்கினேன்.

மலேசியாவின் ஈரக்காற்றில் நமக்கு ஒரு ஆபத்து அதிகம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மலையேறும் பூட்ஸ் பலவற்றின் நடு அடிப்பாகம் பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் வருஷக்கணக்கில் அதற்குள் ஏறி, அந்தப் பொருளையே உடைத்துவிடும். வெளியே பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். உள்ளே பிஸ்கட் போல உதிரும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருப்பது இன்னும் மோசம். என் தம்பி 2018-இல் வாங்கிய பூட்ஸை, பயணம் முடிந்ததும் துடைத்துப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்தான். 2023-இல் அதையே கொண்டுவந்தான். இரண்டாம் நாள், உறைந்து கிடந்த ஜூடா கா தலாப் ஏரியைத் தாண்டி ஏறும்போது வலது காலின் அடிப்பாகம் வாய் பிளந்தது. அரை மணி நேரத்தில் இடது காலும் போனது. கயிற்றால் சுற்றிக் கட்டி, வழிகாட்டியின் உதவியாள் அவனைச் சாங்க்ரிக்கே கூட்டிக்கொண்டு இறங்கினார். உச்சிக்கு நான் மட்டும்தான் போனேன். ஸ்வர்காரோகிணி சிகரம் எதிரே வெள்ளையாக நின்றபோதுகூட மனசு கீழே அவனிடம்தான் இருந்தது. அவன்தான் இந்தப் பயணத்துக்காக ஒரு வருஷம் காசு சேர்த்தவன்.

ஆகவே பூட்ஸைப் பெட்டியில் பூட்டாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், மாதம் ஒரு தடவையாவது போட்டு நடங்கள். புறப்படும் முன் கட்டைவிரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள். வெடிப்போ சுருக்கமோ தெரிந்தால் அதை நம்பி மலைக்குப் போகாதீர்கள். டவுன் ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அமுக்கிச் சின்னப் பைக்குள் வைத்தால் நம் ஊர் ஈரத்தில் பூசணம் பிடிக்கும், இறகின் உப்பலும் போய்விடும். பெரிய தலையணை உறைக்குள் தளர்வாகப் போட்டு, அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பாவோடு வையுங்கள்.

'அடிடாஸ் கம்போங்' போட்டுப் போகலாமா என்று இங்கே மலையேறுகிற பலர் கேட்கிறார்கள். தோட்டத்திலும் மழைக்காட்டுச் சேற்றிலும் அந்த ரப்பர் சப்பாத்துக்கு ஈடே இல்லை, நானும் அதைத்தான் போடுகிறேன். பனிக்கு வேண்டாம். மெல்லிய ரப்பர் குளிரைத் தடுக்காது, உள்ளே வேர்வை வெளியேறவும் வழியில்லை. அட்டை கடிக்காமலிருக்கப் போடும் நீள உறையைக் கட்டிப் பழகியவர்களுக்குப் பனி உள்ளே போகாமல் தடுக்கும் கெய்ட்டரைக் கட்டுவது சுலபம்.

அடுப்பு பற்றி. கேதார்கந்தா போன்ற இடங்களில் குழுவோடு போனால் சமையல்காரர் வருவார், கவலையில்லை. ஜப்பானுக்கோ கொரியாவுக்கோ தனியாகப் போகிறவர்கள் கவனியுங்கள். நாம் வீட்டில் ஸ்டீம்போட் வைக்கும் கேஸ் டப்பாவில் இருப்பது பெரும்பாலும் பியூட்டேன். அது பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும், அடுப்பு எரியாது. ஐசோபியூட்டேன், புரொபேன் கலந்த குளிர்கால டப்பாதான் வேண்டும். விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். பனியை உருக்கும்போது பாத்திரத்தில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடிப்பிடித்துத் தீய்ந்த வாடை வரும். எவ்வளவு குளிர்ந்தாலும் மூடிய கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். கூடாரத்தின் காற்று வழியையும் அடைக்கக் கூடாது. அடைத்தால் மூச்சின் ஈரம் உள்ளே உறைந்து, காலையில் முகத்தில் பொடியாகக் கொட்டும்.

சின்னச் சின்ன விஷயங்கள்: தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள், பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும், வாய் அடைக்காது. ராத்திரி வெந்நீர் நிரப்பி, காலுறைக்குள் நுழைத்துக் காலடியில் வைத்தால் காலையில் குடிக்கவும் ஆகும். கைபேசி, பவர்பேங்க், நெற்றி விளக்கின் பேட்டரி எல்லாம் ஸ்லீப்பிங் பேக்குக்குள் உங்களோடு தூங்கட்டும். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயில் நேரத்தில் பனிமேல் நடக்கவே கூடாது.

கையுறையை மட்டும் வாங்கிய அன்றே சோதிக்கச் சொல்வேன். என் தோழி ஒருத்தி உறைகோழி வைக்கும் குளிர்கிடங்கில் வேலை செய்கிறாள். மேலாளரிடம் கேட்டு, மைனஸ் 18-இல் அவளோடு இருபது நிமிடம் நின்று பார்த்தேன். கையுறையோடு பையின் கொக்கியைக் கழற்ற முடியவில்லை என்று அங்கேதான் தெரிந்தது. மெல்லிய உள்கையுறை ஒன்றும் மேலே தடித்தது ஒன்றுமாக மாற்றிக்கொண்டேன்.

உயரத்தையும் மறந்துவிடாதீர்கள். கேதார்கந்தா உச்சி ஏறத்தாழ 3,810 மீட்டர், கடைசி முகாம் 3,400-ஐ ஒட்டி இருக்கும். 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பது பொதுவான அறிவுரை. தலைவலியோடு வாந்தி வந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ உடனே இறங்க வேண்டும், காலையில் பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டால் அது தேறியதற்கு அடையாளமில்லை, உடம்பு தோற்றுக்கொண்டிருக்கிறது. உலர்ந்த துணி மாற்றி, ஸ்லீப்பிங் பேக்குக்குள் விட்டு, நினைவு தெளிவாக இருந்தால் இனிப்பாகச் சூடாகக் குடிக்கக் கொடுத்து, உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். கை கால் மரத்துப்போனால் பனியால் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.

பழக்கத்துக்கு நம் பேராக்கிலேயே குனுங் கொர்பு இருக்கிறது, 2,183 மீட்டர். நான் பையில் ஐந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைப் போட்டுத் தோட்டத்து மண்சாலையில் மூன்று மாதம் நடந்தேன், பிறகு கொர்பு. அங்கே பனி இல்லை, ஆனால் இரவு மழையில் நனைந்த துணியோடு சமாளிக்கக் கற்றுக்கொடுக்கும். வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும்.

முதல் தடவையே எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். சாங்க்ரியில் ஜாக்கெட், கைத்தடி, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனாலும் பூட்ஸ், உள்சட்டை, காலுறை, கையுறை ஆகியவற்றை மட்டும் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் போவதாக இருந்தால் ஆகஸ்டிலேயே பூட்ஸை வாங்கிக் காலில் போட்டுவிடுங்கள். கொர்புவை வருஷக்கடைசிப் பெருமழை தொடங்குவதற்குள் முடித்துவிட்டால் நல்லது.