லிக்விட் கூலர் போடாவிட்டால் ப்ராசஸர் கருகிவிடுமா?

டெஸ்க்டாப் கம்ப்யூட்டருக்கு எந்த கூலர் (ப்ராசஸரின் சூட்டைக் கழிக்கும் கருவி) வாங்குவது என்று கேட்டு வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஈரோட்டில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறேன். எடிட்டிங்குக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப்போகிறேன். இன்டெல் ஐ7-14700கே என்று முடிவு செய்துவிட்டேன். "இதுக்கு 360 லிக்விட் கூலர் போட்டே ஆகணும் சார், இல்லேன்னா நம்ம ஊர் வெயிலுக்கு ப்ராசஸர் கருகிடும்" என்கிறார் கடைக்காரர். கூலருக்கு மட்டும் பன்னிரண்டாயிரம் கேட்கிறார். நண்பர் ஒருவர் நாலாயிரம் ரூபாய் ஏர் கூலரே போதும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: கருகாது. அந்தப் பயத்தை முதலில் விடுங்கள். 14700கே 100 டிகிரியைத் தொட்டதும் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காமல் சூடு ஏறினால் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். கூலர் போதாவிட்டால் உங்களுக்குப் போவது நேரம்தான். ரெண்டர், அதாவது எடிட் செய்ததை வீடியோவாக்கும் வேலை, முடியக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே.

அதற்காகக் கடைக்காரர் சொன்னது முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. இந்த ப்ராசஸருக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை அளவு 125 வாட். முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். கேம் விளையாடுகிறவர் அந்த உச்சத்தை அபூர்வமாகத்தான் பார்ப்பார். உங்கள் தொழில் வேறு. மூன்று மணி நேர வீடியோவை எக்ஸ்போர்ட்டில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்வரை ப்ராசஸருக்குள் இருக்கும் எல்லா கோரும் (வேலைப் பிரிவும்) ஓடிக்கொண்டிருக்கும். இன்டெல்லில் வீடியோவுக்கென்றே இருக்கும் குயிக் சிங்க் என்ற பகுதி வழியாக எக்ஸ்போர்ட் செய்தால் சுமை நன்றாகக் குறையும். பல ஸ்டூடியோக்கள் இன்டெல் பக்கம் போவதே அதற்காகத்தான். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆகவே கடினமான நிலையையே வைத்துப் பேசுவோம்.

ஏர் கூலர் என்றால் வெறும் ஃபேன் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் செம்புக் குழாய்களுக்குள்ளும் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது. இட்லிப் பானையில் ஆவி மேலே போய் மூடியில் பட்டுத் துளியாகி இறங்குகிற அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. ப்ராசஸர் சூட்டில் ஆவியாகி, அலுமினியத் தகடுகள் இருக்கும் பக்கம் போய்க் குளிர்ந்து, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற அமைப்பு வழியாக மறுபடி கீழே வரும். உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகிவிடும். தண்ணீரைச் சுற்றவிட இதில் மோட்டார் கிடையாது. லிக்விட் கூலரில் அதே வேலைக்கு ஒரு பம்ப் இருக்கிறது. அது திரவத்தை ரப்பர் குழாய் வழியாக ரேடியேட்டருக்குத் தள்ளுகிறது. 360 என்றால் 120 மி.மீ. ஃபேன் மூன்று வைக்கும் ரேடியேட்டர், 240 என்றால் இரண்டு. ரேடியேட்டர் பெரியது, அதனால் அதிகச் சூட்டைக் கழிக்கும். வித்தியாசம் இவ்வளவுதான்.

இரண்டுமே கடைசியில் சூட்டை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன, அறையைவிடக் கீழே எதுவும் இறங்காது. யூடியூப் விமர்சனங்களில் காட்டும் டிகிரிக் கணக்கு பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி அறையில் எடுத்தது. சித்திரை மாதத்தில் ஈரோட்டில் ஏசி இல்லாத அறை 36 டிகிரி இருந்தால், விமர்சனத்தில் 78 என்று பார்த்தது உங்களிடம் 90 பக்கம் வந்துவிடும். இந்தக் கூட்டல் ஏர் கூலருக்கும் உண்டு, லிக்விட் கூலருக்கும் உண்டு. நம்ம ஊர் வெயிலைக் காட்டி லிக்விட் கூலர் விற்பது பாதிதான் நியாயம்.

இன்னொன்று, பத்து நிமிட டெஸ்ட்டை நம்பாதீர்கள். திரவம் முழுக்கச் சூடாகக் கால் மணி, அரை மணி ஆகும். அதுவரை லிக்விட் கூலர் அபாரமாகத் தெரியும். உங்களைப் போல மணிக்கணக்கில் ஓட்டுகிறவர்களுக்கு அரை மணிக்குப் பிறகு காட்டும் கணக்குதான் கணக்கு.

என் சிபாரிசு இது. இரட்டை டவர் (தகடு அடுக்கு இரண்டு உள்ள) ஏர் கூலர் ஒன்றை வாங்குங்கள். தெர்மல்ரைட் பீர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூல் ஏகே620 போன்றவை. பிறகு பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கம்) போய் மின் உச்சத்தை 253லிருந்து 180 வாட் பக்கம் இறக்குங்கள். கடைசி 70 வாட்டுக்கு இந்த ப்ராசஸர் தரும் கூடுதல் வேகம் மிகச் சொற்பம். சூடுதான் கணிசமாக ஏறும். அசெம்பிள் செய்பவரையே இதைச் செய்து தரச் சொல்லலாம். அப்படியே பயாஸையும் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் சில பழுதாயின. இன்டெல் 2024 ஆகஸ்டில் அதற்கான திருத்தத்தை வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. உண்மையில் உங்கள் ப்ராசஸருக்கு ஆபத்து வந்தது இந்தப் பக்கத்திலிருந்துதான். கூலர் விற்கிறவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

இல்லை, 253 வாட்டும் எனக்கு வேண்டும், அறைக்கு ஏசி இருக்கிறது என்றால் 360 வாங்குங்கள், தப்பில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் இப்போதே பதில் வைத்துக்கொள்ளுங்கள்: முகூர்த்த சீசனில் பம்ப் நின்றால் என்ன செய்வீர்கள்? ஏர் கூலரில் ஃபேன் போனால் பக்கத்துக் கடையில் 120 மி.மீ. ஃபேன் வாங்கிச் சாயங்காலத்துக்குள் மாட்டிவிடலாம், அதுவரையிலும் மெதுவாக வேலை ஓடும். பம்ப் போனால் வேலை நின்றது. கூலரைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, மாற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 14700கே போலப் பெயர் கே என்று முடியும் ப்ராசஸருடன் பெட்டியில் கூலர் வராது. ஆகவே லிக்விட் கூலர் வாங்குகிற தொழில்காரர் ஒரு சாதாரண ஏர் கூலரையும் அலமாரியில் வைத்திருப்பது நல்லது. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

மிச்சமாகும் எட்டாயிரத்தில் ஒரு பகுதியைக் கேபினெட்டுக்குப் போடுங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் ஒரு விரல் இடைவெளி என்று விற்கும் பெட்டிகளில் எந்த கூலரும் திணறும். முன்பக்கம் வலை உள்ள பெட்டியாகப் பாருங்கள். கூலர் உயரத்தையும் கேபினெட் ஏற்கும் உயரத்தையும் ஒப்பிட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். இரட்டை டவர்கள் 155 முதல் 168 மி.மீ. வரை இருக்கும், மூடி சாத்தவில்லை என்று திருப்பிக் கொண்டுபோனால் கடையில் முகம் சுளிப்பார்கள்.

கேள்வி: ரைசன் 7 7700எக்ஸ் வைத்திருக்கிறேன். ஏர் கூலரில் 95 டிகிரி காட்டியது. பயந்துபோய் 240 லிக்விட் கூலர் மாற்றினேன். ரெண்டர் செய்தால் இப்போதும் 90க்கு மேல்தான். ஏமாந்துவிட்டேனா?

பதில்: பழைய கூலரிலும் பழுது இல்லை, புதியதிலும் இல்லை. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைகள் கடினமான வேலை வந்தால் 95 டிகிரி வரை தாமே ஏறி, அங்கே நின்று வேலை செய்யும்படி அமைந்தவை. அது பாதுகாப்பான எல்லை என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது. நல்ல கூலர் போட்டால் டிகிரி குறைவதற்குப் பதில் வேகம் கொஞ்சம் கூடும். தவிர, சூடு பிறக்கும் சிப் மிகச் சின்னது, மேலே இருக்கும் உலோக மூடி தடிமன். அதைத் தாண்டி வெளியே வருவதுதான் இடுக்கு. வெளியே எவ்வளவு பெரிய ரேடியேட்டர் வைத்தாலும் அந்த இடுக்கு அப்படியேதான் இருக்கும்.

பயாஸில் ஈகோ மோட் என்று ஒன்று உண்டு. 65 வாட் வகையைத் தேர்ந்தெடுங்கள். 142 வாட் வரை இழுத்தது 88 வாட்டில் நிற்கும், டிகிரி பொத்தென்று இறங்கும். கேம்களில் வித்தியாசம் தெரிவது கடினம். காசு செலவில்லாத வழி, கூலர் வாங்கும் முன்பே இதைச் செய்திருக்கலாம். எக்ஸ் இல்லாத ரைசன் 5 7600 போன்றவற்றை வைத்திருப்பவர்களுக்கு பெட்டியில் வரும் கூலரே போதும். சத்தம் பிடிக்காவிட்டால் மட்டும் இரண்டாயிரத்து ஐநூறு, மூவாயிரத்துக்கு டீப்கூல் ஏகே400 மாதிரி ஓர் ஏர் கூலர்.

கேள்வி: பெசன்ட் நகரில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. காற்றில் ஈரம் அதிகம். லிக்விட் கூலர் போட்டால் ஃப்ரிட்ஜ் பாட்டில் மாதிரி வியர்த்துத் தண்ணீர் சொட்டுமா?

பதில்: சொட்டாது. அறைக் காற்றைவிடக் குளிர்ந்த பொருள்தான் வியர்க்கும். இந்த கூலர்களில் ஓடும் திரவம் எப்போதும் அறையைவிடச் சூடாகவே இருக்கும். உங்கள் இடத்தில் கவலைப்பட வேண்டியது உப்புக் காற்றும் தூசும். ஜன்னல் ஓரத்தில் கேபினெட்டை வைக்காதீர்கள், மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டிவிடுங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வாங்கி ஒன்றரை வருடமான லிக்விட் கூலர் குழாய் இணைப்பில் கசிந்து, கீழே இருந்த கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது. கூலரை மாற்றித் தருகிறோம், கார்டுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்கிறது நிறுவனம். நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் கார்டு. வழி உண்டா?

பதில்: உண்டு. கூலரை அவர்களிடம் ஒப்படைப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்: கசிந்த இடம், கார்டில் படிந்த கறை, இரண்டின் சீரியல் எண்கள், பில்கள். துடைத்துவிட்டால் சாட்சி போச்சு. கார்டு எதனால் பழுதானது என்று ஒரு சர்வீஸ் கடையில் எழுத்தில் வாங்குங்கள். நிறுவனம் மறுத்ததும் எழுத்தில் இருக்க வேண்டும். போனில் சொன்னால், "இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள்" என்று நீங்களே ஒரு மெயில் போட்டு வையுங்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு பற்றித் தனி அத்தியாயமே இருக்கிறது. குறையுள்ள ஒரு பொருள் அதைத் தவிர்த்த வேறு சொத்துக்கு உண்டாக்கும் சேதத்துக்கும் ஈடு கேட்கலாம். உங்கள் கார்டு அந்த "வேறு சொத்து". வாரண்டி அட்டையில் அவர்கள் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த உரிமையைக் கேட்டுப் பார்க்கலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். சில சமயம் அதிலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

தப்பாக மாட்டியதால்தான் கசிந்தது என்று எதிர்த்தரப்பு சொல்லப் பார்க்கும். கடையில் மாட்டியிருந்தால் பில்லில் அசெம்பிளிக் கட்டணம் இருக்கிறதா பாருங்கள், அப்போது கடையையும் சேர்க்கலாம். தொழிலுக்காக வாங்கியது, நீங்கள் நுகர்வோரே அல்ல என்றும் சில நேரம் வாதிடுவார்கள். சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது. ஈரோட்டு வாசகரும் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இதைப் படித்துவிட்டு மற்றவர்கள் மிரள வேண்டாம். திரவத்தை நிரப்பி மூடியே விற்கும் வகை லிக்விட் கூலர்கள் கசிவது குறைவு. பம்ப் தேய்வதும் திரவம் குறைவதும்தான் அதிகம்.

கேள்வி: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாதி விலைக்குப் பழைய 360 கூலர் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ரப்பர் குழாய் வழியாகத் திரவம் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து பார்க்க வழியில்லை. மறுபடி நிரப்பும் வசதியும் பெரும்பாலானவற்றில் இல்லை. பழைய ஏர் கூலர் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், தகடு வளையாமல் இருந்தால் சரி. உங்கள் மதர்போர்டு சாக்கெட்டுக்கான கிளாம்பும் திருகுகளும் கூட வருகிறதா என்று மட்டும் எண்ணி வாங்குங்கள். அது தொலைந்த கூலர் பேப்பர் வெயிட்டுக்குத்தான் ஆகும்.

புதிதாக வாங்கினாலும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அந்த ஸ்டிக்கர் இல்லாத சரக்குக்கு வாரண்டி கேட்டு அலைவது வீண்.

கேள்வி: சென்னையில் அசெம்பிள் செய்து நாகர்கோவிலுக்குப் பார்சலில் அனுப்ப வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் ஏர் கூலர் மதர்போர்டை உடைத்துவிடுமா?

பதில்: மேஜையில் நிற்கும்வரை ஒன்றும் ஆகாது. பின்பக்கத் தகடு எடையைத் தாங்கும். நாக்துவா என்எச்-டி15 என்ற ஏர் கூலர் ஃபேன்களோடு 1.3 கிலோ, 2014 முதல் உலகம் முழுக்க அது மதர்போர்டுகளில் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. லாரியில் போகும்போது கதை வேறு, ஒரு குழியில் டயர் இறங்கினால் போதும். கூலரைக் கழற்றித் தனியாக அதன் பெட்டியிலேயே அனுப்புங்கள், கூட ஒரு சின்ன ட்யூப் தெர்மல் பேஸ்ட்டும் (ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையில் பூசுவது) வையுங்கள். அங்கே மாட்டுகிறவர் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தால் போதும்.