கால்களுக்கிடையே போன பந்து

அன்புள்ள ஐயா,

நாங்கள் அமெரிக்காவுக்கு வந்து ஆறு வருடமாகிறது. பத்து வயது மகன் பேஸ்பால் ஆடுகிறான், ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவில் நிற்பவன். போன சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸில் சாதாரணமாக உருண்டு வந்த ஒரு பந்தைக் கால்களுக்கிடையே விட்டுவிட்டான். அணி தோற்றது. காரில் அழுதுகொண்டே வந்தான். கவனக்குறைவு எங்கே கொண்டுபோய் விடும் என்று புரியட்டுமே என, 1986-ல் முதல் பேஸில் நின்ற பில் பக்னர் பந்தை விட்டு பாஸ்டனின் கோப்பையைப் பறிகொடுத்த வீடியோவைக் காட்டினேன். அன்றிலிருந்து க்ளவைத் தொட மாட்டேன் என்கிறான். அவனைப் பின்னால் தள்ளி நிற்கும் அவுட்ஃபீல்டுக்கு மாற்றச் சொல்லலாமா? இன்னொன்று, இப்போது எல்லாரும் உயரத் தூக்கித்தானே அடிக்கிறார்கள், தரைப்பந்துக்கு இவ்வளவு பயிற்சி எதற்கு?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தூக்கி அடிக்கும் மோகம் வந்த பிறகும், பெரிய லீக்கில் ஆட்டத்துக்குள் விழும் பந்துகளில் பத்துக்கு நான்காவது தரையோடுதான் போகிறது. சிறுவர் ஆட்டத்தில் கேட்கவே வேண்டாம். போதும்.

ஆனால் அழுது ஓய்ந்த பிள்ளைக்கு அந்த வீடியோவையா காட்டுவது? அதுவும் தப்பான கதையைச் சொல்லி? போன வாரம்தான், ஒன்பதில் சமனாகி நீண்ட அந்தப் பத்தாவது இன்னிங்ஸை முழுதாக மறுபடி பார்த்தேன். நீங்கள் பார்த்தது கடைசிப் பத்து விநாடி. முன்னால் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அக்டோபர் 25, ஷே ஸ்டேடியம், ஏழு ஆட்ட உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம்; ஜெயித்தால் பாஸ்டனுக்குக் கோப்பை. பாஸ்டன் 5-3 என்று முன்னால் நிற்கிறது. எதிரே நியூயார்க் மெட்ஸ் அணியில் இரண்டு பேர் அவுட், பேஸில் யாரும் இல்லை. அங்கிருந்து கார்ட்டர், மிட்சல், நைட் என்று வரிசையாக மூன்று சிங்கிள், ஒரு பேஸ் எடுக்கும் அடி. நைட் அடித்தபோது பாஸ்டனுக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக், அவரை அவுட்டாக்க. அந்த அடியில் கார்ட்டர் ஓடி வந்தார், 5-4. அப்புறம் பிட்சரை மாற்றினார்கள். புதிதாக வந்த ஸ்டான்லி வீசிய பந்து கேட்சரைத் தாண்டி ஓடியது; மூன்றாவது பேஸில் இருந்த மிட்சல் ஓடி வந்துவிட்டார். 5-5. கவனியுங்கள், இதுவரை பக்னர் பந்தைத் தொடவே இல்லை. ஆட்டம் ஏற்கெனவே சமன். அதற்குப் பிறகுதான் மூக்கி வில்சன் அடித்த பந்து முதல் பேஸ் பக்கம் மெல்லத் துள்ளி வந்து, பக்னரின் க்ளவுக்கு அடியில் நழுவியது; நைட் ஓடி வந்து மெட்ஸ் ஜெயித்தது. பக்னர் அதைப் பிடித்திருந்தாலும் பாஸ்டன் ஜெயித்திருக்காது, பதினோராவது இன்னிங்ஸ் தொடங்கியிருக்கும், அவ்வளவுதான். ஏழாவது ஆட்டம் வேறு பாக்கி இருந்தது. அதில் 3-0 என்று முன்னால் போய், 8-5 என்று தோற்றார்கள். அதையும் பக்னர் கணக்கில்தான் எழுதினார்கள்.

கணுக்கால் பழுதான ஒரு மனிதரை அந்த நேரத்தில் முதல் பேஸில் நிறுத்தியது மேலாளர். முன்னால் இருக்கும்போது கடைசி இன்னிங்ஸ்களில் அவருக்குப் பதிலாக ஸ்டேபிள்டனை இறக்குவது அந்தத் தொடரில் வழக்கமாகவே இருந்தது. அன்று இறக்கவில்லை. 22 பருவங்கள் ஆடி 2,715 ஹிட் எடுத்தவரை ஒரே ஒரு பந்தை வைத்து எடைபோடுகிறோம், நீங்களும் நானும்.

1924 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் தரையோடு வந்த பந்து எதிலோ பட்டு எகிறி, ஜயண்ட்ஸின் மூன்றாவது பேஸ்காரர் லிண்ட்ஸ்ட்ராம் தலைக்கு மேல் போனது. கூழாங்கல் என்கிறார்கள். வாஷிங்டன் கோப்பையை வென்றது. லிண்ட்ஸ்ட்ராமுக்கு அப்போது 18 வயது. அவரை யாரும் திட்டவில்லை. பந்து தலைக்கு மேல் போனால் விதி, காலுக்கடியில் போனால் குற்றம் என்று பிரித்து வைத்திருக்கிறோம். உருண்டு வரும் பந்து சுலபமாகத் தெரிவதுதான் காரணம். பார்க்கிறவனுக்கு.

நானும் விட்டிருக்கிறேன். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் அலுவலக சாஃப்ட்பால் அணியில் இரண்டாவது பேஸ். குழந்தைகூடப் பிடிக்கும் பந்து. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் வலித்தது. அடுத்த வாரம் அணியிலேயே மூத்தவர் என்னை அரைமணி முன்னதாக வரச் சொன்னார். க்ளவைக் கழற்றச் சொன்னார். பத்தடி தள்ளி மண்டியிட்டு உட்கார்ந்து கையால் பந்தை உருட்டினார். குனிந்து இரண்டு கைகளாலும் அள்ள வேண்டும். புறங்கை நகம் மண்ணில் உரச வேண்டும். உரசாவிட்டால் அந்தப் பந்து கணக்கில் இல்லை. பந்து எகிறினால் கை தானாக மேலே வந்துவிடும், பந்து தாழ்ந்தால் கை கீழே இறங்க நேரம் இருக்காது, அதனால் முதலில் தரையில் வை என்றார். அப்புறம் கால். துள்ளல் தரையை விட்டுக் கிளம்பும் நொடியில் அள்ளு, இல்லை இறங்கும்போது பிடி. நடுவில், ஏறிக்கொண்டிருக்கும்போது மாட்டிக்கொள்ளாதே. அதற்கு நீதான் முன்னால் போக வேண்டும். நின்ற இடத்தில் காத்திருந்தேன், அதனால்தான் விட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நான்கு விரல் நகங்களுக்குள்ளும் செம்மண்.

உங்கள் மகனைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறக்கவில்லை. மாற்ற வேண்டாம். பயிற்சியாளரிடம் பேசவும் வேண்டாம். நீங்களே பத்தடி தள்ளி மண்டியிட்டு உருட்டுங்கள், உங்கள் முட்டியும் கொஞ்சம் வலிக்கட்டும். அவன் க்ளவைத் தொட மாட்டான் என்றால் நல்லதாகப் போயிற்று, இதற்கு க்ளவ் தேவையில்லை.

இன்னொரு வீடியோவையும் காட்டுங்கள். ஏப்ரல் 2008, ஃபென்வே பார்க். பாஸ்டனின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் பக்னர் இடது பக்கச் சுவரிலிருந்து மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருகிறார். அரங்கமே எழுந்து நின்று கை தட்டுகிறது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தை வீசுகிறார். அதைக் காட்டும்போது நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம்.