பத்து நாளில் ஐந்து நாடா, எட்டு இரவும் ஒரே கடற்கரையா?

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தில் மேலாளராக இருக்கிறேன். வயது 50. பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 92,000 ரூபாய். சொந்த வீடு, கடன் எதுவும் இல்லை. வரும் ஜூனில் எங்களுக்கு 25-ஆவது திருமண நாள். இத்தனை வருடங்களில் என் மனைவியைக் கொடைக்கானலைத் தாண்டி எங்கும் அழைத்துச் சென்றதில்லை. கிரேக்கத் தீவு ஒன்றில் ஒரு வாரம் கடலைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. சாண்டோரினி படங்களை வெட்டிச் சேர்த்து வைத்திருக்கிறாள். ஒரு சுற்றுலா நிறுவனம் பத்து நாளில் ஐந்து ஐரோப்பிய நாடுகள், ஆளுக்கு 2.6 லட்சம் என்கிறது. அதில் கிரீஸில் இரண்டு இரவு. என்னிடம் இதற்கென 1.2 லட்சம் இருக்கிறது. மீதி 4 லட்சத்துக்கு அவர்களே தனிநபர் கடன் ஏற்பாடு செய்வார்களாம். அவசரத் தேவைக்கென 3 லட்சம் தனியே வைத்திருக்கிறேன். மகளின் மேற்படிப்புக்காகப் போட்ட 8 லட்சம் வைப்புநிதியும் உண்டு. கடன் வாங்கலாமா, வைப்புநிதியை உடைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் பயணத்துக்குக் கட்டாயம் போங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவர் மனதில் வைத்திருந்த ஆசையை "வீண் செலவு" என்று ஒதுக்கச் சொல்லும் ஆலோசகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடன் இல்லாத வீட்டையும் அவசரகால நிதியையும் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம் இது. உங்களுக்கு இந்தப் பயணத்துக்கான தகுதி இருக்கிறது.

முதலில் கடனை எடுத்துக்கொள்வோம். 4 லட்சத்தை 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 13,670 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 92,000. ஊர் திரும்பிய பிறகும் மூன்று வருடங்கள் அதைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், மகளின் மேற்படிப்புச் செலவும் அதே காலத்தில்தான் வந்து நிற்கும். வைப்புநிதியை முன்கூட்டியே உடைத்தால் வங்கி வட்டியில் கொஞ்சம் குறைக்கும், அது சிறிய இழப்பு. பெரிய இழப்பு, அந்த இடத்தை மறுபடி நிரப்ப உங்களுக்கு அவகாசம் இல்லை என்பதுதான். பிறகு கல்விக் கடனை உங்கள் மகள் சுமக்க நேரிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறு ஒன்று. உங்கள் மனைவி கேட்டது ஒரு வாரம் கடல் எதிரே உட்கார்ந்திருப்பது. உங்களுக்கு விற்கப்படுவதோ பெட்டி கட்டிப் பெட்டி அவிழ்க்கும் ஐந்து நாட்டு ஓட்டம். 5.2 லட்சம் கொடுத்தும் அவர் கேட்டது அதில் இல்லை. அவர் கேட்டதையே வாங்கினால் செலவு பெரிதும் குறைகிறது.

சாண்டோரினியைப் பற்றி அவரிடம் பேசிப் பாருங்கள். அந்தப் படங்கள் எரிமலைப் பள்ளத்தின் செங்குத்தான விளிம்பில் நிற்கும் வீடுகளுடையவை. பார்க்க அழகு, அந்தக் காட்சி தெரியும் அறைக்கு வாடகையும் அதிகம். ஆனால் கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் தீவின் மறுபக்கம், பெரிசா, கமாரி போன்ற கருமணல் கடற்கரைகளுக்குப் போக வேண்டும். நாள் முழுக்கக் கரையில் இருக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது கிரீட். கிரேக்கத் தீவுகளிலேயே பெரியது, எல்லா விலையிலும் அறை கிடைக்கும். அதன் மேற்கில் உள்ள ஹானியா நகரில் தங்குங்கள். வெனிஸ்காரர்கள் கட்டிய பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் நேயா ஹோரா கடற்கரை. மேற்கே பிளாட்டானியாஸ் வரை கரையோரமாகவே பஸ் ஓடுகிறது. ஒரு நாள் ஃபலாசர்னா கடற்கரை, தெம்பிருந்தால் இன்னொரு நாள் எலாஃபோனிசி கடற்கரை, இரண்டுக்கும் பருவகாலத்தில் பஸ் உண்டு. கார் வாடகைக்கு எடுக்கத் தேவையே இல்லை.

இப்போது காலம். ஜூனில் போக வேண்டாம், அடுத்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் போங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஐரோப்பாவே விடுமுறையில் இருக்கும், விலை உச்சத்தில் இருக்கும், ஏஜியன் கடலின் வடக்குக் காற்றும் பலமாக வீசும். செப்டம்பர் இறுதியில் கூட்டம் கலைந்துவிடும். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் 24 டிகிரி அளவில் இதமாக இருக்கும். அக்டோபர் முடிவுக்குள் கடலோர விடுதிகள் பலவும் மூடத் தொடங்கிவிடும் என்பதால் அதற்கும் பிந்த வேண்டாம். திருமண நாளை ஜூனில் மகளோடு வீட்டிலேயே கொண்டாடுங்கள்.

என் மதிப்பீடு இது, ஒரு யூரோவுக்கு 110 ரூபாய் என்ற கணக்கில். ஏதென்ஸுக்கு ஒரு நிறுத்தத்துடன் இருவருக்கும் போக வர விமான டிக்கெட் 1,20,000. அங்கிருந்து பிரேயஸ் துறைமுகத்தில் இரவுக் கப்பல் ஏறினால் விடியற்காலையில் ஹானியாவை அடுத்த சூடாவில் இறங்கலாம். இரு வழியும் அறையோடு 25,000, இரண்டு இரவு விடுதிச் செலவும் மிச்சம். கிரீஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவின் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. சேவைக் கட்டணமும், குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் கட்டாயப் பயணக் காப்பீடும் சேர்த்து 27,000. நாளுக்கு 75 யூரோ வாடகையில் எட்டு இரவுக்கு 66,000. இதற்கு மேல், விடுதியில் நேரில் செலுத்த வேண்டிய அரசுக் கட்டணம் ஒன்று உண்டு. பருவநிலை பாதிப்புகளைச் சமாளிக்க கிரீஸ் வசூலிப்பது. 2025 முதல், ஏப்ரல் - அக்டோபர் மாதங்களில் மூன்று நட்சத்திர அறைக்கு இரவுக்கு 5 யூரோ, ஐந்து நட்சத்திரத்துக்கு 15. முன்பதிவின்போது காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. நீங்கள் மூன்று நட்சத்திரத்திலேயே இருங்கள், 4,400 ஆகும். சாப்பாட்டுக்கு 49,500. சைவமாக இருந்தால் கவலைப்பட வேண்டாம், சோறு அடைத்துச் சுட்ட தக்காளி, குடமிளகாய், பருப்புக் கூழ், சுரைக்காய்ச் சுவையுள்ள சுக்கினியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹானியாவின் 'பூரெக்கி' என்று வயிறாரக் கிடைக்கும். பஸ், சாய்வு நாற்காலி வாடகை, சில்லறைச் செலவுக்கு 22,000. ஆக மொத்தம் 3,13,900. பத்து சதவீதம் கூடுதலாகச் சேர்த்து 3.45 லட்சம் என்று வையுங்கள்.

கடற்கரை நாற்காலி வாடகையும் நாள்தோறும் போட்டால் சேர்ந்துவிடும். 2024-இல் வந்த சட்டப்படி கரையில் பாதியாவது நாற்காலிகள் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். ஒரு விரிப்பு கொண்டு போங்கள்.

உங்களிடம் 1.2 லட்சம் இருக்கிறது. மீதி 2.25 லட்சத்துக்கு 18 மாதங்கள் இருக்கின்றன. மாதம் 12,500. அந்தக் கடனுக்கான தவணையைவிடக் குறைவு, பாதிக் காலத்தில் முடிந்துவிடும், வட்டியும் உங்கள் பக்கம் வரும். வங்கியில் தொடர் வைப்பாகப் போடுங்கள். பங்குச் சந்தை ஃபண்டுகளில் வேண்டாம். தேதி குறித்த செலவுக்கு ஏற்ற இடம் அல்ல அது. இன்னொரு பயனும் உண்டு. விசா அதிகாரிகள் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். கடைசி மாதம் திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகையைவிட, மாதாமாதம் சீராகச் சேர்ந்த பணம் நம்பிக்கை தரும். விசா மறுக்கப்பட்டால் கட்டணம் திரும்பி வராது. அதனால் விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையும் பணம் திரும்பப் பெறக்கூடிய டிக்கெட்டும் மட்டும் எடுங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள்.

வெளிநாட்டுச் சுற்றுலாவைப் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே டி.சி.எஸ். (விற்பவரே உங்களிடம் முன்கூட்டி வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) வசூலிப்பார்கள். வருமான வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். நீங்களே தனித்தனியாகப் பதிவு செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு, 2025 ஏப்ரல் 1 முதல், ஆண்டுக்கு 10 லட்சம் வரை அந்தப் பிடித்தம் இல்லை.

யூரோ விலைதான் இதில் நம் கையில் இல்லாதது. 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்கு அருகில் இருந்தது, அந்த ஆண்டிலேயே 100-ஐத் தாண்டியது. விசா வந்தவுடன் செலவுத் தொகையில் பாதியை ஃபாரெக்ஸ் கார்டில் (வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றி வைக்கும் அட்டை) யூரோவாக ஏற்றிவிடுங்கள், மீதியைப் புறப்படும் முன். ரொக்கம் 200 யூரோ போதும். அங்கே கடையிலோ ஏ.டி.எம். திரையிலோ "ரூபாயில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைக்கும் மாற்று விலையில் பல சதவீதம் போய்விடும்.

அந்தத் தொடர் வைப்பை உங்கள் மனைவியின் பெயரில் தொடங்குங்கள். பாஸ்புத்தகத்தில் மாதாமாதம் ஏறும் தொகையை அவரே பார்த்துக்கொண்டிருக்கட்டும். முதல் 12,500 ரூபாயை இந்த மாதச் சம்பளத்திலேயே போடுங்கள்.