ஐயாயிரம் கட்டினால் ஃபைலை மூடிவிடுவார்களா?

கேள்வி: என் கணவர் முன்பு வேலை பார்த்த கம்பெனி மூலம் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு வந்தது. வேலை மாறியதும், 2022 ஆகஸ்டில் கஸ்டமர் கேருக்குப் போன் செய்து கார்டை மூடச் சொன்னார். அப்போது பாக்கி எதுவும் இல்லை. கார்டையும் வெட்டிப் போட்டுவிட்டோம். மூன்று வருடத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. இப்போது இரண்டு மாதமாக ஏதோ ஏஜென்சி என்று சொல்லி 46,800 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். காலை ஆறரைக்கும் போன், இரவு பத்துக்கும் போன். என் அண்ணனிடம் பேசியிருக்கிறார்கள். நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்துக்கும் பேசிவிட்டார்கள். போன வாரம் இரண்டு பேர் தெருவில் நின்று சத்தம் போட்டார்கள். 'வாரன்ட் ரெடி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு தாள் வந்திருக்கிறது. 5,000 ரூபாய் கட்டினால் ஃபைலை மூடிவிடுவார்களாம். கணவர் சரியாகத் தூங்குவதே இல்லை. கட்டித் தொலைத்துவிடலாமா?
ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த 5,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள்.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கொடுத்த கடனுக்காக வழக்குப் போட, 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம் தருகிறது. அந்தக் கெடு முடிவதற்குள் கடனில் ஒரு பகுதியைக் கட்டினாலோ, 'பாக்கி உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்க வழியாகிவிடும். கெடு முடிந்த பிறகும்கூட, 'கட்டுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது புது ஒப்பந்தமாக நிற்கும். பழைய பாக்கிகளில் 'டோக்கனாக ஏதாவது போடுங்கள்' என்று கெஞ்சுவதும் மிரட்டுவதும் பெரும்பாலும் இதற்காகத்தான். உங்கள் விஷயத்தில் நாள் கணக்கு எப்படி வருகிறது என்பதை வங்கியின் ஸ்டேட்மென்ட் கையில் கிடைத்த பிறகு ஒரு வக்கீலிடம் காட்டிக் கேளுங்கள். அதுவரை பணமும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். 'சரி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறோம்' என்ற வாட்ஸ்அப் பதில்கூட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு பிரச்னைகள் பின்னிக் கிடக்கின்றன. பணம் பாக்கியா இல்லையா என்பது ஒன்று. வசூலுக்கு வருகிறவர்கள் நடந்துகொள்ளும் விதம் இன்னொன்று. பாக்கி உண்மையாகவே இருந்தாலும் தெருவில் நின்று கத்த யாருக்கும் உரிமை இல்லை. அவர்கள் கத்தினார்கள் என்பதால் பாக்கி இல்லை என்றும் ஆகிவிடாது. ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் புகார், தனித்தனி ஃபைல்.

முதலில் பாக்கி. அது எங்கிருந்து முளைத்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கார்டு மூடப்படாமல் கணினியில் உயிரோடு இருந்திருக்கும். ஆண்டுக் கட்டணம் விழுந்திருக்கும். அது கட்டப்படாததால் மாதாமாதம் தாமதக் கட்டணம். மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590. முப்பத்தாறு மாதத்துக்கு 21,240. இதற்கு மேல் அடுத்தடுத்த ஆண்டுக் கட்டணமும் வட்டியும். ஒரு ரூபாய்க்குக்கூடப் பொருள் வாங்காத கார்டில் 46,800 ஏறுவது இப்படித்தான்.

ஆனால் விதி உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட கிரெடிட் கார்டு விதிகள் அந்த ஆண்டு ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும் வரை நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்கு வங்கி தர வேண்டும். போனில் கேட்பதும் செல்லும். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, தகவல் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு மூடும் நடவடிக்கையை வங்கியே தொடங்க வேண்டும். கட்டாத கட்டணங்களையும் வரியையும் அசலோடு சேர்த்து அதற்கு வட்டி போடக் கூடாது என்பதும் 2022 அக்டோபர் முதல் விதி. உங்கள் கணவர் மூடச் சொன்னது ஆகஸ்டில். எல்லாமே பொருந்துகிறது.

இல்லாதது ஆதாரம் ஒன்றுதான். அதைத் தேடுங்கள். 2022 ஆகஸ்ட், செப்டம்பர் மாத எஸ்.எம்.எஸ்., இ-மெயில்களில் 'சர்வீஸ் ரிக்வெஸ்ட்' எண் ஏதாவது வந்திருக்கிறதா? பழைய போனில்கூட இருக்கலாம். கடைசி ஸ்டேட்மென்டில் பாக்கி பூஜ்யம் என்று காட்டுகிறதா? எதுவும் கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டாம். அந்த அழைப்பின் பதிவை வங்கியிடமே கேட்கலாம்.

அடுத்து கிரெடிட் ரிப்போர்ட், அதாவது உங்கள் கணவரின் கடன் வரலாற்று அறிக்கை. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். இந்தக் கார்டு யார் பெயரில் இருக்கிறது, 'ரைட் ஆஃப்' (வராக் கடன் என்று வங்கி கணக்கிலிருந்து தள்ளியது) என்று போட்டிருக்கிறதா, கடைசியாகப் பணம் கட்டிய தேதி என்ன என்று பாருங்கள். சில சமயம் வங்கி பழைய பாக்கிகளை மொத்தமாக ஒரு சொத்துச் சீரமைப்பு நிறுவனத்துக்கு விற்றிருக்கும். அப்படியானால் வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு மாறியதற்கான கடிதத்தை அவர்கள்தான் காட்ட வேண்டும். நான்கு அறிக்கையிலும் இந்தக் கணக்கே இல்லையென்றால், பேசுகிறவர்கள் மோசடிக் கும்பலாகவும் இருக்கலாம்.

இனி வங்கிக்குக் கடிதம். இதுதான் முக்கியமான வேலை. கணக்கு உங்கள் கணவர் பெயரில் இருப்பதால் அவர்தான் கையெழுத்திட வேண்டும். வங்கியின் இணையதளத்தில் குறைதீர்ப்பு அதிகாரி அல்லது நோடல் அதிகாரியின் முகவரி இருக்கும். இ-மெயிலில் ஒன்று, ஸ்பீட் போஸ்ட்டில் ஒன்று. சோகக் கதை வேண்டாம், இப்படி எழுதினால் போதும்:

"இத்தனையில் முடியும் (கடைசி நான்கு எண்கள்) கார்டில் நீங்கள் கோரும் ரூ. 46,800-ஐ நான் ஏற்கவில்லை. 2022 ஆகஸ்டில் பாக்கி ஏதுமின்றிக் கார்டை மூடக் கேட்டேன். அன்றிலிருந்து இன்று வரையிலான எல்லா ஸ்டேட்மென்ட்களையும், மூடக் கேட்ட அழைப்பின் பதிவையும், வசூல் ஏஜென்சிக்கு நீங்கள் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தின் நகலையும் அனுப்பவும். புகாருக்குத் தீர்வு காணும் வரை வசூல் ஏஜென்சியிடமிருந்து இந்தக் கணக்கைத் திரும்பப் பெறவும். இனி என்னை எழுத்து மூலம் மட்டுமே தொடர்புகொள்ளவும். இக்கடிதம் கடனை ஒப்புக்கொள்வதாகாது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். புகார் நிலுவையில் இருக்கும்போது கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பொய்ப் புகார் தருகிறவர்கள் மட்டும் விதிவிலக்கு. பில்லில் தகராறு என்றால், ஆவணத்தோடு 30 நாளுக்குள் வங்கி விளக்கம் தர வேண்டும். போனில் எத்தனை முறை அழுது முறையிட்டாலும் பயன் இல்லாததற்குக் காரணம், அது எங்கேயும் புகாராகப் பதிவாவதில்லை. புகார் எண் கையில் வந்த நாளிலிருந்துதான் கணக்கு ஓடும்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம், அதாவது வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரியிடம் போகலாம். கட்டணம் கிடையாது. ரிசர்வ் வங்கியின் இணையதளம் வழியாகப் புகார் தரலாம். முடியாதவர்கள் ரிசர்வ் வங்கி, செக்டர் 17, சண்டிகர் 160017 என்ற முகவரிக்குத் தபாலில் அனுப்பலாம். விளக்கம் கேட்க 14448. இங்கே பலர் சறுக்குவது ஓரிடத்தில்: வங்கிக்கு எழுதாமல் நேரே ஒம்புட்ஸ்மனிடம் போகிறார்கள், புகார் தள்ளுபடியாகிறது. வக்கீல் மூலம் அனுப்பினாலும் தள்ளிவிடுவார்கள். உங்கள் கணவரே அனுப்பட்டும், அல்லது எழுத்தில் அங்கீகாரம் தந்து நீங்கள் அனுப்புங்கள். போலீஸில் புகார் கொடுத்திருந்தால் ஒம்புட்ஸ்மன் எடுத்துக்கொள்ள மாட்டார் என்று சிலர் சொல்வது தவறு.

இப்போது தொல்லை. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. மிரட்டக் கூடாது, பலர் முன் அவமானப்படுத்தக் கூடாது, குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது, பொய்யான தகவல் சொல்லக் கூடாது. இது 2022 ஆகஸ்ட் 12 தேதியிட்ட ரிசர்வ் வங்கி உத்தரவு. ஏஜென்ட் செய்யும் தவறுக்கு வங்கியே பொறுப்பு என்றும் அது சொல்கிறது. உங்கள் அண்ணனிடமும் பள்ளியிலும் பேசியது தனித்தனி மீறல்கள்.

ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். அழைப்புகளைப் பதிவு செய்யுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கள். கோபத்தில் உடனே பிளாக் செய்துவிட்டால் வேறு எண்ணிலிருந்து வருவார்கள், ஆதாரமும் சிதறும். சத்தத்தை மட்டும் அணைத்து வையுங்கள். போனை எடுத்தால் இரண்டே வரி: "உங்கள் பெயர், ஏஜென்சி, அங்கீகாரக் கடிதம் எங்கே? இந்தப் பாக்கியை நாங்கள் ஏற்கவில்லை, எழுத்தில் அனுப்புங்கள்." வைத்துவிடலாம். வாக்குவாதத்தில் நீங்கள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் அதை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு வந்தால் உள்ளே விட வேண்டிய கட்டாயம் இல்லை. அடையாள அட்டையும் வங்கியின் அங்கீகாரக் கடிதமும் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கேளுங்கள், படம் எடுங்கள். வண்டிச் சாவி, நகை, காசோலை, கையெழுத்து எதுவும் தராதீர்கள். போகச் சொல்லியும் போகாவிட்டால் 112.

தெருவில் கத்தியதற்கு உள்ளூர்க் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கிரிமினல் மிரட்டலுக்கு, பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய தண்டனைச் சட்டத்தில் 351-ஆவது பிரிவு இருக்கிறது. இந்தப் புகாரை உங்கள் பெயரிலேயே தரலாம். மிரட்டப்பட்டவர்களில் நீங்களும் ஒருவர். 'இது சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பப் பார்த்தால், 'பாக்கியைப் பற்றி நான் புகார் தரவில்லை, மிரட்டலைப் பற்றித் தருகிறேன்' என்று சொல்லுங்கள். அப்போதும் வாங்காவிட்டால் எஸ்.பி. அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புங்கள். உங்கள் படத்தை ஆபாசமாக மாற்றி அனுப்பினாலோ, போலி வாரன்ட் காட்டிப் பணம் கேட்டாலோ சைபர் குற்ற உதவி எண் 1930.

வாரன்ட் பற்றிப் பயப்படாதீர்கள். கிரெடிட் கார்டு பாக்கி சிவில் விவகாரம். கட்டவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் கைது செய்ய முடியாது. வாரன்ட் பிறப்பிப்பது நீதிமன்றம், அதை ஏஜென்சி வாட்ஸ்அப்பில் அனுப்பாது. காசோலை அல்லது ஆட்டோ டெபிட் திரும்பியிருந்தால் மட்டும் தனிச் சட்டம் உண்டு. அது தொடர்பாக வக்கீல் நோட்டீஸ் வந்தால் 15 நாள் கெடு, அலட்சியம் கூடாது. அந்தத் தாளில் வழக்கு எண் இருந்தால் இ-கோர்ட்ஸ் தளத்தில் போட்டுப் பாருங்கள். மக்கள் நீதிமன்ற அழைப்பு உண்மையாகவே வந்தால் போய் உங்கள் மறுப்பைச் சொல்லலாம். நீங்கள் சம்மதிக்காமல் அங்கே தீர்ப்பாகாது. ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் விசாரிப்பது) நோட்டீஸும் நீதிமன்ற சம்மனும் அப்படியல்ல. பதில் சொல்லாமல் விட்டால் ஒருதலைப்பட்சமாக உத்தரவாகிவிடும், பிறகு உடைப்பது கஷ்டம். அந்த நிலை வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. எண் 15100.

பள்ளித் தலைமை ஆசிரியரிடம் நீங்களே முந்திக்கொண்டு, 'மறுப்பில் இருக்கும் ஒரு கணக்கு, புகார் கொடுத்திருக்கிறோம், போன் வந்தால் எண்ணைக் குறித்து வையுங்கள்' என்று சொல்லிவிடுங்கள். அண்ணனிடமும் அதையே. அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் ஏஜென்சியின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் போய்விடும். கணவர் இரவுகளில் ரொம்பவும் உடைந்துபோனால் 14416-க்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஸ்டேட்மென்ட் வந்த பிறகு அதில் உண்மையாகவே வாங்கிய பொருளின் தொகை ஏதாவது விட்டுப்போயிருந்தால், அதை மட்டும் தீர்ப்பதுதான் நியாயம். வக்கீலிடம் காட்டிவிட்டு, வங்கியோடு எழுத்தில் பேசி, நேரே கார்டு கணக்குக்குக் கட்டுங்கள், ஏஜென்டின் யு.பி.ஐ.க்கு ஒரு ரூபாயும் போகக் கூடாது. குறைந்த தொகைக்கு 'செட்டில்மென்ட்' என்று முடித்துக்கொண்டால் அந்தச் சொல் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறி, நாளை வீட்டுக் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்கும். கணக்கு முழுமையாக மூடப்பட்டது, பாக்கி இல்லை என்ற கடிதமே வேண்டும். அது வந்த பின்னும் அறிக்கையில் பழைய பதிவு இருந்தால் கிரெடிட் நிறுவனத்திடம் திருத்தக் கேளுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்குச் சேர வேண்டும். அதற்காக வங்கிக் கணக்கு எண்ணையும் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.