‘மெஷர் அப்’ என்றால் அளப்பதுதானே? ‘ஹி டிட்ன்ட் மெஷர் அப்’ என்பதில் யார் எதை அளந்தார்கள்?

அந்த வாக்கியத்தில் யாரும் எதையும் அளக்கவில்லை. ‘அவர் தேறவில்லை’ என்பதுதான் அதன் பொருள். எதிர்பார்த்த தரத்துக்கு அவர் எட்டவில்லை என்றும் விரித்துச் சொல்லலாம்.

இதே குழப்பம் எனக்கும் நேர்ந்திருக்கிறது. ஆய்வகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், என் அறிக்கையின் மேல் ‘திஸ் டஸ்ன்ட் மெஷர் அப்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார் மேலதிகாரி. அளவுகளில் பிழை என்று எண்ணி இரண்டு நாள் எல்லா எண்களையும் சரிபார்த்தேன். ஒன்றும் தவறில்லை. நான் விளக்கி எழுதியிருந்த விதம்தான் அவருக்குத் திருப்தி தரவில்லை.

‘மெஷர்’ தனியே வரும்போது பொதுவாக அளக்கிறவர் எழுவாய்; அளக்கப்படுவது செயப்படுபொருள். ‘அப்’ சேர்ந்து இந்தப் பொருள் வந்துவிட்டால் செயப்படுபொருளே கிடையாது. யாருடைய தரத்தைப் பார்க்கிறோமோ அவரே எழுவாயாகிவிடுகிறார். எதற்கு ஈடாகவில்லை என்று சொல்ல ‘டு’ வேண்டும். ‘த சீக்வல் டிட்ன்ட் மெஷர் அப் டு த ஒரிஜினல்’ என்றால், இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு ஈடாகவில்லை. ‘பாகத்துக்கு’ என்பதில் உள்ள நம் ‘கு’ உருபின் வேலையைத்தான் அங்கே ‘டு’ செய்கிறது. போட்டியாளரோடு ஒப்பிடும்போது ‘அகெய்ன்ஸ்ட்’ என்றும் வரும்.

தமிழர்கள் தடுமாறுவதற்கு நம் ‘போதாது’ ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நேரம் போதாது என்கிறோம், திறமை போதாது என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நேரமோ பணமோ குறைந்தால் ‘நாட் இனஃப்’ என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘மெஷர் அப்’ பொருந்தாது. அது தரத்தை எடைபோடும் சொல்.

பெரும்பாலும் எதிர்மறையிலும் கேள்வியிலும் வருவதைக் கவனியுங்கள். ஒருவரை மனமாரப் பாராட்ட நினைத்தால் ‘ஷி மெஷர்ஸ் அப்’ என்று எழுதாதீர்கள். பிழையில்லை, ஆனால் ‘குறை சொல்ல முடியாது’ என்ற அளவிலேயே நின்றுவிடும்.

உங்கள் ஊகம் முழுத் தவறும் அல்ல. திரைச்சீலையோ தரைவிரிப்போ வாங்குமுன் அறையை அளப்பதைப் பிரிட்டிஷ் வழக்கில் ‘மெஷர் அப் த ரூம்’ என்பார்கள். அங்கே ‘ரூம்’ என்ற செயப்படுபொருள் நிற்கிறது பாருங்கள், அளவு நாடாவை எடுக்க வேண்டியது அப்போதுதான்.